அம்பு அக்கா திருத்திய தாள்

சட்டை தைக்கும் தொழிற்சாலையில் அவளுக்குச் செக்கர் வேலை, தைத்து முடித்த சட்டைகளில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பது. காலரில் தொடங்கி தோள், கை, பொத்தான், அடிமடிப்பு என்று இரண்டு கைகளும் ஒரே வரிசையில் போகும். எங்காவது நூல் தப்பியிருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, சீட்டில் தன் எண்ணான பதினேழை எழுதி, தைத்தவரிடமே திருப்பி அனுப்பிவிடுவாள். இருபத்திரண்டு வருஷமாக இதே மேசை, இதே குழல்விளக்கு. பேரைச் சொல்லிக் கேட்டால் அங்கே யாருக்கும் தெரியாது. அம்பு அக்கா என்றால் வாட்ச்மேன்கூடக் கை காட்டுவார்.

அந்த மேசையில் இரண்டே தீர்ப்புதான். போகும், அல்லது திரும்பும். பரவாயில்லை என்று ஒரு கூடை கிடையாது. ஒட்டிய அம்பைப் பிய்ப்பதும் கிடையாது. பிய்த்தால், முதலில் எதற்கு ஒட்டினாய் என்ற கேள்வி வரும்; அன்றைக்கு அந்தச் செக்கர் பார்த்த அத்தனை பெட்டியையும் மறுபடி பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். அவள் ஒருமுறைகூடப் பிய்த்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கணவர் இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வீட்டில் அவளும் நாத்தனாரும் மட்டும். நாத்தனாருக்கு மருந்துக்கடையில் வேலை. வாய் கொஞ்சம் நீளம். லீவு நாளில் அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், கைபேசியில் ஓர் இலவச வகுப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தது அவள்தான். தமிழிலேயே நடக்கும் வகுப்பு. சமூகமும் மனநலமும், ஆறு வாரம்.

"பாதியில காசு கேப்பாங்களோ?"

"கேக்க மாட்டாங்க அண்ணி. தூங்கினாக்கூட யாரும் எழுப்ப மாட்டாங்க. சும்மா பாருங்க."

அவள் தூங்கவில்லை. பத்தாவதோடு நின்றுபோன படிப்பு. கண்ணாடி போட்ட பேராசிரியை ஒருத்தர் பேசுவதை, தேநீர் இடைவேளையில் துணிக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஒரு காதில் மட்டும் வயரை மாட்டிக்கொண்டு கேட்டாள். இன்னொரு காது சூப்பர்வைசருக்கு.

கடைசி வாரத்தில் பரீட்சை இல்லை. 'நீங்கள் காத்திருந்த ஓர் இடம்' என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். அதைப் பேராசிரியை திருத்த மாட்டார். கூடப் படிப்பவர்கள் மூன்று பேர் திருத்துவார்கள். நாமும் மூன்று பேருடைய தாளைத் திருத்த வேண்டும். யார் தாள் என்று தெரியாது. ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஆம், ஓரளவு, இல்லை என்று மூன்று கட்டம்.

ஓரளவு என்ற கட்டத்தை அவள் தொடவே இல்லை.

முதல் இரண்டு தாளுக்கும் எல்லாமே ஆம்; போய்விட்டன. மூன்றாவது, ஒரு மருத்துவமனை பெஞ்சைப் பற்றியது. நாலாவது வரியில் 'அம்மா காலையில் ஒரு தம்ளர் பால் குடித்தாள்' என்றிருந்தது. பத்தாவது வரியிலும் அதுவே. முடிக்கிற இடத்திலும் அதுவே. ஓடின தையல் மேலேயே இன்னொரு தையல் ஓடினால் அவள் மேசையில் அது பிழை. ஐந்துக்கும் இல்லை என்று அழுத்தினாள். கீழே, 'ஒரே வரி மூன்று இடத்தில் வந்திருக்கிறது. திருப்பி அனுப்பவும்' என்று எழுதினாள். வேலை சுத்தமாக முடிந்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணியோடு வகுப்பை மூடுகிறார்கள். அன்று நாலு மணிக்கு, நாத்தனார் கட்டிலில் சாய்ந்து, அண்ணியின் கைபேசியில் அந்த வகுப்பின் அரட்டைப் பக்கத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க ஒருத்தர் புலம்பியிருக்கார், கேளுங்க அண்ணி." சத்தமாகப் படித்தாள். "'மூன்று பேரில் ஒருவர் எல்லாவற்றுக்கும் இல்லை போட்டதால் எனக்குத் தேர்ச்சி இல்லை. திருப்பி அனுப்பவும் என்று எழுதியிருக்கிறார். எங்கே திருப்பி அனுப்புவது என்று தெரியவில்லை. அம்மாவும் நானும் சேர்ந்து தொடங்கிய வகுப்பு இது. இரண்டாம் வாரத்தோடு அம்மா இல்லை. நானாவது முடித்துவிடலாம் என்று பார்த்தேன்.' எந்தப் புண்ணியவதி பண்ணின வேலையோ இது."

"திருப்பி அனுப்பவும்னா எழுதியிருக்கு?" என்றாள் அவள். நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள்.

"அடக் கடவுளே. நீங்களா? மனுஷங்களுக்கும் அம்பு ஒட்ட ஆரம்பிச்சிட்டீங்களா?"

"ஒரே வரிய மூணு தடவ எழுதினா வேற என்ன பண்றது?"

"நீங்க எத்தன தடவ சொன்னீங்க?"

"நான் என்ன சொன்னேன்?"

"'காலைல சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கேட்டாரு.' அண்ணன் போனப்ப வந்தவங்க போனவங்க எல்லார்கிட்டயும் இதேதான். ராங் நம்பர்ல வந்தவன்கிட்டகூட சொன்னீங்க. பாவம், அவன் போனை வைக்காம கேட்டுக்கிட்டிருந்தான்."

அன்றைக்கு அவள் இஸ்திரி போட்டுத் தரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

கைபேசியை வாங்கி அந்தத் தாளைத் திறந்தாள். முதல் வரியிலிருந்து, எதையும் தேடாமல் படித்தாள். பால் குடித்த கதையை அந்த மனிதர் முதலில் நர்ஸிடம் சொல்கிறார். அடுத்து டாக்டரிடம். கடைசியில், பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவரிடம். வரியைப் பிடித்தவள், அது யாரிடம் சொல்லப்பட்டது என்பதைப் பார்க்கவே இல்லை.

மதிப்பீட்டை மாற்ற என்ற இடத்தில் விரலை வைத்தாள். அழுத்தவில்லை. இருபத்திரண்டு வருஷம்.

"மணி அஞ்சாகப் போகுது அண்ணி."

"தெரியுது. நச்சரிக்காதே."

அழுத்தினாள். நான்கு கேள்விக்கு ஆம். சொற்சிக்கனம் உள்ளதா என்ற ஐந்தாவதுக்கு வந்தபோது கொஞ்சம் யோசித்து, ஓரளவு. அந்த மனிதர் தேற அது போதும். மாற்றுவதற்குக் காரணம் கேட்டு ஒரு கட்டம் வந்தது. 'தாளில் பிழை இல்லை. பார்த்ததில் பிழை. 17' என்று எழுதி அனுப்பினாள்.

"பதினேழுன்னா அவங்களுக்கு என்ன புரியும்?" என்றாள் நாத்தனார், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

"புரியாட்டி போகட்டும். போட்டாகணும்."

பிறகு, மூடுவதற்கு இன்னும் நேரம் இருந்ததால், ஏற்கெனவே போன மற்ற இரண்டு தாளையும் மறுபடி பிரித்தாள்.