ரோசலின் தந்த அர்த்தம்

நேற்று பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரின் நனைந்த கம்பளி வாடை மூக்கில் ஏறியதும், எழுபதுகளில் மலைநாட்டு நோர்வூட் ஊருக்கு மேலே இருந்த, இன்று தொழிலாளர் லயங்கள் இடிந்து காடாகிவிட்ட எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டேன். கொழுந்தெடுக்கும் அம்மாவின் பழைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நானும் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரின் மகள் ரோசலினும் தலையோடு தலை முட்டப் பள்ளிக்கூடம் போவோம். தினமும் அவள் ஒரு இங்கிலீஷ் சொல் சொல்லித்தருவாள். முதலில் அர்த்தம், பிறகு ஒரு வாக்கியம். மழைச் சத்தத்தை மிஞ்சி நான் அதைக் கத்துவேன், அவள் திருத்துவாள், நான் அப்படியே நம்புவேன்.

டவுன் கொன்வென்டில் சேர எங்கள் இருவரையும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அன்று காலை ரோசலின், "ஸ்டபர்ன்னா சொல்பேச்சுக் கேக்குறவடி. சிஸ்டர்மாருக்குப் புடிக்கும், சொல்லு" என்றாள்.

"ஐ ஏம் எ ஸ்டபர்ன் கேர்ள்" என்று நேர்முக அறையில் நிமிர்ந்து நின்று சொன்னேன்.

சிஸ்டர்கள் சிரித்துவிட்டார்கள். "பிடிவாதக்காரின்னு நீயே சொல்றியாம்மா?" என்று ஒருவர் கேட்டார். அதன்பிறகு எந்தக் கேள்வி கேட்டாலும் உளறினேன்.

வெளியே பெஞ்சில் ரோசலின் காத்திருந்தாள். "தெரிஞ்சுதான் சொன்னியா?" என்றேன்.

"ஒரு எடந்தான் இருக்குன்னு அப்பா சொன்னாங்க" என்றாள். பெயர் கூப்பிட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். இடம் அவளுக்குத்தான் கிடைத்தது.

மறுநாள் காலை, வழக்கம்போல எங்கள் லயத்து வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள். நான் கதவைத் திறக்கவில்லை.