மெலந்தாஸ் தவறிய இடம்

அலெக்சாந்திரியாவில் இலக்கண ஆசிரியர் மெலந்தாஸ் பழைய போர்ப்பாட்டுக்கு முப்பது ஆண்டுகள் உட்கார்ந்து உரை எழுதினார். நாற்பது சுருள்கள். அவற்றில் ஒரு பிழைகூடக் கிடையாது. அவர் செய்த பிழையே அதுதான்.

அந்த ஊர் உரையாசிரியர்களுக்கு ஒரு வழக்கம். முன்னவர் சொன்னது சரியென்றால், பெயர் சொல்லாமல் எடுத்துத் தங்கள் உரையில் போட்டுக்கொள்வார்கள். தவறென்றால் மட்டும், 'இங்கே இன்னார் தவறினார்' என்று பெயரோடு எழுதுவார்கள். ஆகவே மெலந்தாஸின் கருத்துகள் ஊரெல்லாம் இருந்தன. மெலந்தாஸ் எங்கும் இல்லை. பிள்ளை குட்டியும் கிடையாது. செத்தபின் பெயராவது நிற்காதா என்று மனிதர் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார்.

"முட்டாளுங்க பேரெல்லாம் ஜம்முனு நிக்குது. ஏங்க, நீங்களும் ஒரு தடவை தப்பா எழுதித் தொலைங்களேன்" என்றாள் மனைவி தியானோ, பருப்புக் கஞ்சியை ஊற்றியபடி.

மூன்று நாள் யோசித்து, நாலாம் நாள் துணிந்தார். படைவீரர்கள் கடற்கரையில் பசியாறும் இடம். அவர்கள் தின்றது மாட்டிறைச்சி என்பதற்குப் பாட்டிலேயே ஐந்து சான்றுகள் உண்டு. மெலந்தாஸ் 'மீன்' என்று எழுதினார்.

படியெடுப்பவர் எகிப்தியர் பெத்தோசிரிஸ். இருபது ஆண்டுப் பழக்கம். சுருளைத் திருப்பிக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஐயா, ஒரு இடத்துல அசந்துட்டீங்க. மீனுன்னு இருந்துச்சு. மாட்டிறைச்சின்னு திருத்திட்டேன். நாலு படியும் நூலகத்துக்குப் போயாச்சு. உங்க மானம் தப்பிச்சுது."

"நல்லா இருப்பே" என்றார் மெலந்தாஸ்.

அடுத்த ஆண்டு லைகோனின் உரை வந்தது. இளவரசருக்குப் பாடம் சொல்பவர். யார் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசும் பிறவி. அவர் எழுதியிருந்தார்: 'வீரர்கள் தின்றது ஆட்டிறைச்சி. இங்கே மெலந்தாஸ் தவறினார்.'

பெத்தோசிரிஸ் மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஆடாம்ல ஆடு! மாடுதான்னு பாட்டுலயே அஞ்சு அடி சான்று இருக்கு ஐயா, எடுத்து மூஞ்சியில அடிங்க. அந்தாளு வாலைச் சுருட்டிக்கிட்டு அந்தக் குறிப்பையே சுரண்டி எடுத்துடுவான்."

பிறர் பிழை ஒன்றைக்கூட மெலந்தாஸ் சும்மா விட்டதில்லை. ஐந்தென்ன, ஆறாவது அடியும் அவருக்குத் தெரியும். அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் சுரண்டி எடுத்தால் பெயரும் சேர்ந்து போகும். பல்லைக் கடித்துக்கொண்டார், உண்மையிலேயே வலித்தது.

"விடுப்பா. பெரிய இடம். அவருக்குத் தெரியாததா?" என்றார்.

மெலந்தாஸின் நாற்பது சுருள்களும் பின்னாளில் சந்தையில் மீன் பொட்டலம் கட்டப் போயின. லைகோனின் உரையைப் படியெடுக்கும் ஊரிலெல்லாம் அந்த ஒரு வரி இன்றும் நிற்கிறது.

பெத்தோசிரிஸ் வந்துபோன அன்று இரவு சாப்பிடும்போது தியானோ மெல்லக் கேட்டாள். "ஏங்க, நீங்க சொன்னதுதானே சரி?"

மெலந்தாஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சரிதான். வெளியில சொல்லிடாதே."