கிரேன்காரனின் சம்பளம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளை எல்லாரும் மிளகாய் என்றுதான் கூப்பிடுவார்கள். இஸ்திரி உருளைகளின் அனலில் நின்று விரிப்புகளை மடித்துத் தள்ளுகிற வேலை. யாராவது ஈரம் போகாத துணியை நைசாக அவள் பக்கம் தள்ளிவிட்டால் போதும், அந்த இடத்திலேயே வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள். அந்தக் காரம் அவளோடு பிறந்ததில்லை. கிரேன் ஓட்டுகிற புருஷன் அவளையும் மகளையும் விட்டுவிட்டுத் தனியாகப் போன பிறகு ஏறியது.

மகளுக்குத் தரவேண்டிய ஜீவனாம்சத்தை அவன் கையால் தரமாட்டான் என்று தெரிந்ததும், கோர்ட் அவனுடைய முதலாளிக்கே உத்தரவு போட்டது. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து நேரே அவளுக்கு அனுப்பவேண்டும். கொஞ்ச காலம் ஒழுங்காக வந்தது. பிறகு ஒரு மாதம் சத்தமில்லாமல் நின்றுபோனது. அவன் வேலை பார்த்த சரக்குக் கிடங்குக்குப் போய்க் கேட்டாள்.

"அவர் வேலையை விட்டுட்டாரும்மா. சம்பளமே இல்லாதப்ப நாங்க எதுல பிடிக்கிறது?" என்றார் கணக்கர்.

அங்கிருந்து கோர்ட்டுக்கு ஓடினாள். குமாஸ்தா பொறுமையாகத்தான் சொன்னார்.

"உத்தரவு அந்தக் கிடங்குக்குப் போட்டதும்மா. புது முதலாளியை அது கட்டுப்படுத்தாது. எங்க சேர்ந்திருக்கார்னு கண்டுபிடிச்சு மறுபடி மனு போடுங்க. அங்க புதுசா உத்தரவு போகும்."

"ஓடுனவன் அவன். தேடுறவ நானா?"

"என்ன பண்றது, அப்படித்தான் இருக்கு. ஆனா பாக்கி அழிஞ்சு போகாதும்மா. சேர்ந்துக்கிட்டேதான் இருக்கும்."

"நல்லா சேரட்டும். என் பொண்ணோட பஸ்காரன் பாக்கி சேரட்டும்னு விட்டுடுவானா?"

விடவில்லை. மகள் பள்ளிக்கு நடந்தாள். இவள் கூடுதல் ஷிப்ட் வாங்கிக்கொண்டாள். அங்கே இங்கே விசாரித்து, அவன் ஓர் இரும்பு ஆலையில் சேர்ந்திருப்பதைக் கண்டுபிடித்து மனு போட்டாள். உத்தரவு போனது, பிடித்தம் தொடங்கியது, அவன் அந்த ஆலையையும் விட்டுவிட்டுப் போனான். ஒவ்வொரு விசாரணைக்கும் இவளுக்குத்தான் ஒரு நாள் கூலி போனது. ஓடியவனுக்கு ஒன்றும் போகவில்லை.

அந்தச் சமயத்தில் நாத்தனார் போன் செய்தாள். அவனுடைய தங்கை.

"அண்ணி, நான் சொன்னதா சொல்லிடாதீங்க. அண்ணன் இப்ப ஆத்துப் பாலம் கட்டுற இடத்துல இருக்கார். 'உத்தரவு வர்றதுக்குள்ள நான் அடுத்த இடத்துல இருப்பேன்'னு எங்க வீட்டுல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே சிரிக்கிறார். எனக்குச் சோறு இறங்கல அண்ணி."

மறுநாள் அவள் பாலத்தடிக்குப் போனாள். கிரேனிலிருந்து இறங்கி வந்தவன் அவளைப் பார்த்ததும் இளித்தான்.

"இங்கயும் மோப்பம் பிடிச்சிட்டியா? இதையும் விட்டுட்டா என்ன பண்ணுவே?"

கல்யாணமான நாளிலிருந்து அவனை 'நீங்க' என்றே பேசிப் பழகிய வாய். அன்று அந்த மரியாதை கழன்று விழுந்தது.

"விடு. நல்லா விடு. எத்தனை கிரேன்ல ஏறுறியோ, அத்தனைக்கும் கீழ வந்து நிப்பேன். உன் சோத்துல நான் கை வைக்க வரல. என் பொண்ணு தட்டுல இருந்து உன் கையை எடுக்க வந்திருக்கேன்."

கம்பி கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவன் முகம் சுண்டிப்போனது.

இந்தத் தடவை புது உத்தரவு மட்டும் போதாது, அவன் இப்படித் தாவுவதையே தடுக்கவேண்டும் என்று மனுவில் கேட்டாள். வேண்டுமென்றேதான் தாவுகிறான் என்பதற்குச் சாட்சி உண்டா என்று நீதிபதி கேட்டார். அவள் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். நாத்தனார் பெயரை வெளியே சொல்வதில்லை என்று அவளுக்குக் கொடுத்த வாக்கு அது. அப்போது பின்வரிசையிலிருந்து நாத்தனார் தானாகவே எழுந்து முன்னால் வந்தாள். அண்ணன் முறைக்க முறைக்க, சாப்பாட்டு மேஜையில் அவன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

இனி வேலை மாறினால் அவனே உடனே கோர்ட்டுக்குத் தெரிவிக்கவேண்டும், மறைத்தால் ஜெயில் என்று தீர்ப்பானது. மாதப் பிடித்தத்தோடு பழைய பாக்கியும் தவணையாகச் சேரும். அவன் இன்னொரு முறை வேலை மாறினான்தான். ஆனால் ஜெயிலுக்குப் பயந்து அவனே கோர்ட்டுக்குத் தெரிவித்துவிட்டதால், புது இடத்தில் முதல் சம்பளத்திலேயே கை வைத்துவிட்டார்கள்.

அந்த வாரம் அவனே போனில் வந்தான். குரல் குழைந்திருந்தது. "பாக்கித் தவணையைக் கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லேன். கைக்கு ஒண்ணுமே மிஞ்சல."

"மிஞ்சலையா? இப்பத்தான் உனக்கு அந்த வார்த்தையே தெரியுது. கத்துக்கோ."

போனை வைத்துவிட்டு உருளைக்கு முன்னால் வந்து நின்றாள். விரிப்பை வெடுக் வெடுக்கென்று இழுத்து மடித்தாள். ஓரங்கள் ஒன்றோடொன்று சேரவே இல்லை.

"அதான் பணம் வர ஆரம்பிச்சிடுச்சே, இன்னும் என்னக்கா கோபம்?" என்றாள் விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தவள்.

"வரவேண்டியதுதானே வருது? அதுக்கு நான் சிரிக்கணுமா? இழுத்துப் பிடிடீ" என்றாள் மிளகாய்.