பிரெசில்லா துடைத்த குழல்

காஜா நவாஸ் ஏர்வாடியை விட்டுக் கிளம்பியது ஆகஸ்ட் மாதத்து முதல் வியாழக்கிழமை. வியாழன்தோறும் தர்காவுக்கு வரும் கூட்டத்தை இருபத்திரண்டு வருடமாக வேனில் ஏற்றி இறக்கிய மனிதர், அதே கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பையோடு தூத்துக்குடி பஸ்ஸில் ஏறினார். அங்கே ஓர் உப்பளத்தில் காவல் வேலை. வேன் முதலாளி சாவியை வேறொருவரிடம் கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. காரணம், போலீஸின் கருவி ஒன்று துப்பிய துண்டுச்சீட்டு. அவர் மூச்சில் மது இருப்பதாக அது சொன்னது. முப்பதைத் தாண்டினால் குற்றம்; சீட்டில் இருந்தது எண்பத்து நான்கு.

நவாஸ் பாய் வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை.

பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே சுடிதாரில் ஒரு பெண் நின்றிருந்தார். பாயை அன்று கருவியில் ஊதச் சொன்ன போலீஸ்காரர், பிரெசில்லா.

"எழுதிக் குடுத்திருக்கேன் பாய். கேஸ் நிக்காது."

"எழுதிட்டீங்க மேடம், சரி. அத ஏர்வாடியில யாரு படிச்சா?"

பஸ் நகர்ந்தது. பிரெசில்லா அக்கா அது வளைவில் மறையும்வரை நின்றார்.

அவருக்கு முப்பத்து நான்கு வயது. தங்கச்சிமடத்து மீனவர் சவேரியாரின் மூன்றாவது மகள். கொரோனா வருடத்தில் ஏழு மாதம் சாலையில் நின்று வண்டிகளை நிறுத்தியவர். பக்கத்தில் நின்ற சக போலீஸ்காரர் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அக்காவின் இடுப்பில் ஒரு சானிடைசர் பாட்டில் தொங்குகிறது. ஏ.டி.எம்மில் பேனா மூடியால்தான் எண்ணை அழுத்துவார். ஸ்டேஷனில் அவருக்குப் பெயர் கம்பவுண்டரம்மா.

நான் ஐந்து வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டுக் கடலாடிக்குத் திரும்பியிருந்தேன். வீட்டில் இருப்புக் கொள்ளாமல், கிடைத்த வண்டியில் எல்லாம் ஏறிக்கொண்டிருந்தேன். அந்த ஜூலை மாலை நவாஸ் பாயின் வேனில் முன் சீட்டில் இருந்தது அப்படித்தான். பின்னால் கேரளாவிலிருந்து வந்த பதினான்கு பேர். அவர்களில் உடம்பு முடியாத ஓர் அம்மா கால் நீட்டிப் படுத்திருந்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள்.

கருவியில் செருகும் பிளாஸ்டிக் குழல்கள் தீர்ந்துபோயிருந்தன. ஒருவர் வாய் வைத்ததை அப்படியே அடுத்தவருக்குக் கொடுக்க அக்காவுக்கு மனம் வரவில்லை. சானிடைசரைக் குழலின் உள்ளும் புறமும் பீய்ச்சித் துடைத்தார்.

"சுத்தமாத் தொடச்சிட்டேன் பாய். கூச்சப்படாம ஊதுங்க."

ஊதினார். எண்பத்து நான்கு. நவாஸ் பாய் முதலில் சிரித்தார். "மிசினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா மேடம்?" பிறகு யாரும் சிரிக்கவில்லை. ரத்தப் பரிசோதனை கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. மக்ரிப் தொழுகை நேரம் நெருங்கியது. காகித வேலை முடிந்தால்தான் வேறு டிரைவர் வந்து வேனை எடுக்க முடியும் என்றார்கள். படுத்திருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாளே வேன் ஸ்டாண்டில் ஆரம்பித்துவிட்டார்கள். "என்ன பாய், தர்காவுக்குப் போற வழியில அம்புட்டுத் தாகமா?"

எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. குழலை பாய் திருப்பிக் கொடுத்தபோது என் மூக்கைக் கடந்துபோன ஆஸ்பத்திரி வாசனை. வெளிநாட்டில் ஆப்பிள் தோட்டத்தில் வேலை செய்தபோது என்னையும் ஒருமுறை ஊதச் சொன்னார்கள். கடைசியாக எப்போது, என்ன குடித்தாய் என்று கேட்டார்கள். கால் மணி நேரம் காக்க வைத்து, என் கண் முன்னால் புதுக் குழலின் உறையைப் பிரித்தார்கள். எதற்கு இவ்வளவு சடங்கு என்று அன்று எரிச்சல்பட்டேன். இப்போது காரணம் தெரிய வேண்டியிருந்தது. நான்காம் நாள் சாவடிக்குப் போனேன்.

"நீ யாரு? வக்கீலா?"

"இல்லக்கா. சும்மா தெரிஞ்சுக்கலாம்னு."

"போலீசுகிட்டச் சும்மா வாரவள இன்னைக்குத்தான் பாக்கேன்."

ஆனால் குழலைத் துடைத்ததைப் பற்றிச் சொன்னதும் அவர் கை இடுப்புப் பாட்டிலுக்குப் போனது. புதிய குழல் பெட்டி வந்திருந்தது. வெயில் நேரம், சாலையில் வண்டி இல்லை. உறையைப் பிரித்து என்னை ஊதச் சொன்னார். பூஜ்யம். அதே குழலில் சானிடைசரைப் பீய்ச்சித் துடைத்து, உதறி, தானே ஊதினார். தொண்ணூற்று ஒன்று.

"ஏசுவே," என்றார். சானிடைசரில் இருந்த ஆல்கஹால் போகட்டும் என்று குழலைக் காய வைத்தோம். இருபது நிமிடம் கழித்து ஊதினால் மூன்று.

பிறகு கருவியின் நினைவில் பழைய பதிவுகளைத் தேடினார். அன்று குழல் தீர்ந்த பிறகு ஊதியவர்கள் நான்கு பேர். நாலும் முப்பதுக்கு மேல்.

"நாலு பேரும் வரிசையாக் குடிச்சிருக்கான்னதும் எனக்குச் சந்தேகமே வரல பாரு. நம்ம ஆளுக குடிக்கிறவுகதானேன்னு நெனச்சுட்டேன்."

"எழுதிக் குடுங்கக்கா."

"குடுத்தா நாலும் போகும். அதுல ஒருத்தன் நெசமாவே தள்ளாடுனான். அவனும் தப்பிச்சிருவான்." பேனாவை எடுத்தார். "போகட்டும். பாய் கையெழுத்துப் போட்டது என்னைய நம்பி."

இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, "உன் தலையில நீயே மண்ணள்ளிப் போடுற. தெரிஞ்சுதான் எழுதுனியா?" என்று கேட்டாராம். "தெரிஞ்சுதான், ஐயா." மெமோ வந்தது. சாவடியிலிருந்து ஸ்டேஷனுக்குள் மாற்றினார்கள்.

மாறுவதற்கு முந்தின வாரம் அவருக்கு ஒரு பித்துப் பிடித்திருந்தது. இருமல் மருந்து குடித்து ஊதினார், ஐம்பத்தைந்து. வாய் கொப்பளித்துக் கால் மணி நேரம் கழித்து ஊதினார், பூஜ்யம். வீட்டிலிருந்து நீராகாரம் கொண்டுவந்து குடித்து ஊதினார்; ஆறு. வெற்றிலை, புளித்த பதநீர், வாய்க்குத் தெளிக்கும் மருந்து எல்லாவற்றையும் ஒரு பழைய நோட்டில் குறித்தார். "மிசினு நல்ல மிசினுதான்டி. வாயில இருக்கதையும் சொல்லும், ரத்தத்துல இருக்கதையும் சொல்லும். எது எதுன்னு மட்டும் அதுக்குத் தெரியாது. அதுக்குத்தான் அந்தக் கால் மணி நேரம்." அந்தக் கால் மணி நேரம் பொறுக்கச் சொல்லி எந்தப் பயிற்சியிலும் அழுத்திச் சொன்னதாக அவருக்கு நினைவில்லை. நோட்டை அடுத்து வந்த போலீஸ்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஏழு மாதத்தில் வழக்கு தள்ளுபடியானது. லைசென்ஸ் திரும்பி வந்தது. வேன் சாவி வரவில்லை. தீர்ப்பு நகலை அக்கா தானே வாங்கிப்போய் முதலாளியிடம் காட்டினார். "கோர்ட்டு சொல்லிருச்சும்மா. ஏறுற சனம் சொல்லணும்ல?" என்றாராம் அவர்.

நானும் மறுபடி கிளம்பிவிட்டேன். நவாஸ் பாய் போய்ப் பதினான்கு மாதம் கழித்து, நான் வேறொரு தேசத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, போனில் ஒரு படம் வந்தது. வேனின் முன்கண்ணாடி, உட்பக்கம் ஒட்டிய துண்டுச்சீட்டில் மூன்று பூஜ்யங்கள். கீழே நவாஸ் பாய் எழுதியிருந்தது:

"அஸ்ஸலாமு அலைக்கும் தங்கச்சி. சொந்தத்துல ஒருத்தரு வேன் குடுத்திருக்காரு, மூணு மாசமா ஏர்வாடிக்குத்தான் ஓட்டுறேன். நேத்து சாயல்குடி தாண்டி ஊதச் சொன்னாங்க. குழல் உறைய என் கண்ணு முன்னாடி பிரிங்கன்னேன், பிரிச்சாங்க. உள்ள இருந்த பதினாறு பேரும் எட்டிப் பாத்தாங்க. சீட்ட நானா ஒட்டல, அந்தச் சனந்தான் ஒட்டச் சொல்லுச்சு. பிரெசில்லா மேடம் நம்பர் எங்கிட்ட இல்ல. அவுகளுக்கு அனுப்பிவிடு."