கொழுந்துப் பையின் பட்டையும் பாக்கியத்தின் கண்ணாடியும்

பாக்கியத்தைப் பற்றி ஒரு பொய் சொல்லப்பட்டது. எங்கள் தேயிலை எஸ்டேட் தொழிற்சாலையின் வாசலில், அவளுடைய படத்துக்கு மாலை போட்டுவிட்டு, ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டது. இரங்கல் கூட்டத்தில் பேசிய பீல்டு ஆபீசர் அவளை நல்ல உழைப்பாளி என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “இலவசமாகக் கொடுத்த கண்ணாடியைப் போட்டிருந்தால் கடைசிவரை கொழுந்து எடுத்திருப்பார். அழகு போய்விடும் என்று போடவில்லை” என்றும் சொன்னார். சிலர் சிரித்தார்கள். நான் எழுந்தேன். “பெரியவரே, உக்காருங்க” என்றார்கள். உட்காரவில்லை, வெளியே வந்துவிட்டேன். அங்கே பேச விடாததை இங்கே எழுதுகிறேன். அவளோடு மலையில் நின்றவர்கள் படித்துப் பார்த்து, தவறு இருந்தால் என் வீட்டுக்கு வந்து சொல்லலாம்.

சாவுச் செய்தி வந்தபோது நான் பந்தலூரில் பேருந்தில் ஏறி உட்கார்ந்திருந்தேன். திருப்பூரில் வேலை செய்யும் அவள் மகள் போனில் அழைத்து, “மாமா, அம்மா போயிருச்சு மாமா” என்றாள். குழாயடியில் தண்ணீர் பிடிக்கப் போனவள் அங்கேயே சாய்ந்துவிட்டாள். மாரடைப்பு. நான் இறங்கிவிட்டேன். எதிர்ப்பக்கம் போகும் வண்டிக்குக் காத்திருக்கப் பொறுக்கவில்லை. மழையிலேயே எஸ்டேட் குடியிருப்பான லயத்துக்கு நடந்தேன். பாக்கியம் எனக்குத் தங்கை முறை. இலங்கையிலிருந்து எங்கள் இரண்டு குடும்பமும் ஒன்றாகத்தான் வந்தன. அதனால் அவளை ‘அவள்’ என்றே எழுதுகிறேன்.

கண் மங்கியதை அவள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் சூப்பர்வைசர் அவள் பையைக் கொட்டி, முற்றிய இலைகளைப் பொறுக்கி எல்லாருக்கும் காட்டினார். “என்ன பாக்கியம், ஆட்டுக்கா பறிச்சே?” என்றார். “ஆடு உங்கள மாதிரி இவ்வளவு நேரம் பாத்துக்கிட்டு நிக்காதுங்க சார், தின்னுரும்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் என்னிடம், “கைக்குத் தெரியுதுண்ணே. கண்ணுக்குத்தான் சந்தேகம் வந்துருச்சு” என்றாள்.

பிறகு எஸ்டேட்டில் கண் முகாம் வந்தது. கண்ணைச் சோதித்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். கண்ணாடி வந்தபோதுதான் பார்த்தேன், எல்லாப் பெண்களுக்கும் ஒரே பிரேம். தடித்த கறுப்பு பிளாஸ்டிக், காதுக்குப் பின்னால் வளைந்த அகலமான கம்பு. கீழ்ப்பாதி கிட்டத்தில் பார்க்க, மேல்பாதி தூரத்தில் பார்க்க. நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அது சரியாக இருக்கலாம். கொழுந்துப் பையின் பட்டை உச்சந்தலையில் ஏறி, இரண்டு காதையும் ஒட்டி இறங்கும். பை நிறைய நிறையப் பட்டை இறுகும். இறுகிய பட்டை கண்ணாடிக் கம்பைக் காதோடு சேர்த்து நசுக்கும். மதியத்துக்குள் பாக்கியத்தின் காதுக்குப் பின்னால் புண். அது போதாதென்று, சரிவில் இறங்கக் காலடியைக் குனிந்து பார்த்தால் கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகத் தரை மங்கலாக மேலெழும். “மண்ணு எந்திரிச்சு வருதுண்ணே” என்றாள். அப்படித்தான் ஒருநாள் வடிகாலில் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டாள்.

அவள் அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். பீல்டு ஆபீசர் அவளைக் கொழுந்திலிருந்து எடுத்துப் புல்வெட்டுக்கு அனுப்பினார். கொழுந்து எடுக்கும் பெண்ணைப் புல்வெட்டுக்கு அனுப்புவது என்றால் என்னவென்று மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். கொழுந்து எடைக்குக் கிடைக்கும் மேல்காசு போய்விடும். அது தண்டனை. பக்கத்து வீட்டுச் செல்வி, “சினிமாவுல நடிக்கப் போறா, மூக்குல தழும்பு விழக்கூடாதுல்ல?” என்று கேட்டாள். “நடிச்சா ஒன்னைய எனக்கு மாமியாரா போடச் சொல்றேன், மேக்கப்பே வேணாம்” என்றாள் பாக்கியம். ‘அழகு’ என்ற பேச்சு பிறந்தது இந்தக் கேலியில்தான். சிரிப்புக்காகச் சொன்னதைப் பீல்டு ஆபீசர் சாட்சியமாக எடுத்துக்கொண்டார்.

அவள் சும்மா இருக்கவில்லை. மகள் ஊருக்கு வந்தபோது, தான் போடுவதுபோலக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வாங்கிக்கொள்ளச் சொன்னாள். பாக்கியம் தன் விரல்களை விரித்துக் காட்டினாள். பல வருடக் கொழுந்துக் கறை, மருந்தடித்த இலையின் வாடை. “இந்தக் கையையா கண்ணுக்குள்ள விடச் சொல்றே?” என்றாள்.

லேசர் செய்தால் கண்ணாடியே வேண்டாம் என்று யாரோ சொல்ல, கோயம்புத்தூர் போனோம். அங்கிருந்த டாக்டர் பொறுமையான மனிதர். “அம்மாவுக்குப் புரை இன்னும் வரலைங்க. இது வயசுனால வர்ற வெள்ளெழுத்து. இதுக்கு லேசர் நான் சொல்ல மாட்டேன். கண்ணாடியே போதுமுங்க” என்றார். போட முடியாத கண்ணாடி எப்படிப் போதும் என்று நான் சண்டைக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை. “என்ன வேலை, எவ்வளவு தூரத்துல பாக்கோணும்னு சொல்லுங்க” என்றார். பாக்கியம் எழுந்து நின்று, எதிரில் தேயிலைச் செடி இருப்பதுபோலக் கையை நீட்டிக் காட்டினாள். அந்தத் தூரத்துக்கு மட்டும் பவர் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும், “மிச்சம் பிரேமு பஞ்சாயத்துதாண்ணே” என்றாள்.

அந்தப் பஞ்சாயத்தில் முதலில் தோற்றவள் அவளேதான். கூடலூர்க் கடையில் பெரிய பிரேம் ஒன்றை எடுத்தாள், கம்பில் பூ வேலை. வேண்டாம் என்றேன். “போடப்போறது நானு. நீ வேணா மீசைக்குப் பூ வெச்சுக்க” என்றாள். வீட்டுக்கு வந்து கொழுந்துப் பையை மாட்டியதும் பூ வேலை பட்டையில் சிக்கியது. கடையில் எங்கள் இருவருக்குமே பட்டையின் நினைவு வரவில்லை. வெறுந்தலையோடு கடையின் நிலைக்கண்ணாடியில் முகம் பார்த்து வாங்கி வந்துவிட்டோம்.

அடுத்த தடவை பையோடு போனாள். சந்தையில் வாங்கிய முட்டைக்கோஸை அதில் நிரப்பி, தலையில் துணி கட்டி, பட்டையை மாட்டி, கடையின் நடுவில் குனிந்து நின்றாள். கல்லூரிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடைக்காரர் மலையாளி. முதலில் பதறி, “சேச்சி, இது கோஸ் கடையல்லா” என்றார். பிறகு அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. பிரேம் மாற்றி மாற்றிப் போட்டு, “இன்னும் குனி சேச்சி, இனி நிமிரு” என்று நெடுநேரம் வேலை வாங்கினார். கடைசியில் கிடைத்தது எடையே தெரியாத மெல்லிய உலோகப் பிரேம். காதில் வளையாத நீண்ட நேர்க்கம்பு, நுனியில் கயிறு. முதலில் பட்டை, அதற்கு மேல் கண்ணாடி: அதுதான் வழி. கொழுந்து எடுக்கும்போது மூக்கில், நடக்கும்போது கழுத்தில். “ஒரு சாமான வேணாம்னு சொன்னா மட்டும் பத்தாதுண்ணே, எது வேணும்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் அலையணும்” என்றாள். வீடு சேரும்வரை பேருந்தில் அதைக் கழற்றுவதும் போடுவதுமாக வந்தாள்.

அந்தக் கண்ணாடியோடு பீல்டு ஆபீசர் முன்னால் போய் நின்றாள். நானும் பக்கத்தில் இருந்தேன். “ஒரு நாள் கொழுந்துக்கு விட்டு, நிறுத்துப் பாருங்க சார்.” அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அடுத்த கேம்ப்புல டாக்டர் பாக்கட்டும்மா, அப்புறம் பாக்கலாம்.” அவள் புல்வெட்டுக்குத் திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துச் சிறு தோட்டத்தில் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொழுந்து எடுத்தாள். அவள் பையில் ஒரு முற்றிய இலைகூடக் கிடக்கவில்லை. தோட்டக்காரர் உயிரோடு இருக்கிறார், கேட்டுக்கொள்ளலாம். முகாம் வருமுன் அவள் போய்விட்டாள்.

அழகுக்காகக் கண்ணாடியை ஒதுக்கியவள் அல்ல அவள். கண்ணாடிக்காக ஊர் ஊராக அலைந்தவள்.

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த முகாம் வரப்போகிறது. போன வாரம் சூப்பர்வைசர் செல்வியின் பையைக் கொட்டிக் காட்டியிருக்கிறார். அவளுக்கும் கண் மங்குகிறது. அதே கறுப்புப் பிரேமைத்தான் அவளுக்கும் கொடுப்பார்கள். பாக்கியத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது சும்மா இருக்காத அவளுடைய குணம். அதை வைத்துக்கொண்டுதான் கீழே உள்ளதை எழுதுகிறேன்.

பீல்டு ஆபீசர் சொன்னதைத் திருப்பி எடுக்க வேண்டும். என் வீட்டுக்கு வந்து மெதுவாகச் சொல்வது செல்லாது. அதே வாசலில், அதே ஒலிபெருக்கியில், பாக்கியத்தின் மகள் காதில் விழும்படி சொல்ல வேண்டும். நிர்வாகம், கண் சரியில்லாத பெண்ணைப் புல்வெட்டுக்கு அனுப்புமுன் அவள் கேட்கும் ஒரு நாளைக் கொடுத்து, கொழுந்தை நிறுத்துப் பார்க்க வேண்டும். முகாம் நடத்துபவர்கள் பிரேம்களைப் பல விதமாகக் கொண்டுவர வேண்டும். பெண்ணைக் கையை நீட்டச் சொல்லி, அந்தத் தூரத்தைப் பார்த்துப் பவர் எழுத வேண்டும். தொழிற்சங்கம் மாலை போட்டதோடு நிற்காமல் இதை நிர்வாகத்திடம் பேச வேண்டும். பேச ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன். பெண்கள் முகாமுக்குக் கொழுந்துப் பையோடு போக வேண்டும். பை காலியாக இருக்கக் கூடாது. பட்டையை மாட்டி, குனிந்து நிமிர்ந்து பார்க்காமல் யாரும் எந்தக் கண்ணாடியையும் வாங்கக் கூடாது.

செல்வி வரிசையில் முதலில் நிற்க வேண்டும்.