விளக்கு நிற்காத அறை

கரியாலூருக்கு ஏறும் மலைப்பாதையில் பீர் பேரலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்த மலையில் பேரல் என்றாலே பார்க்கிறவர்களுக்குக் கள்ளச்சாராய நினைப்புதான் வரும். சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். பேரலுக்குச் சொந்தக்காரரான பங்களாக்காரர் முன்சீட்டிலிருந்து இறங்கி, பெங்களூரில் வாங்கிய ரசீதைக் காட்டிச் சிரித்துப் பேசினார். நான் பின்னால் தலையைக் குனிந்தபடி இருந்தேன். ஒரு தப்பும் செய்யாமலே திருடனைப் போல முழிப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள வழக்கம்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் நான் ஃப்ரிட்ஜும் ஏசியும் பழுது பார்க்கிறேன். படிப்பு ஐந்தாவதோடு நின்றது. தொழில் பார்த்துப் பார்த்துக் கை கற்றுக்கொண்டது. பேச்சு மட்டும் வரவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் ஃப்ரிட்ஜைப் பார்த்தே பதில் சொல்வேன்.

பங்களாக்காரர் பெங்களூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கரியாலூரைத் தாண்டி ஒரு சரிவில் வீடு கட்டி, அவ்வப்போது நண்பர்களோடு வந்து தங்குவார். பெரிய ஓட்டல்களில் குழாயைத் திருகினால் பீர் கொட்டுகிறதே, அந்த ஏற்பாடு தன் வீட்டிலும் வேண்டும் என்று அவருக்கு ஆசை. குழாய், பைப்பு, ரெகுலேட்டர் எல்லாம் ஒரு பெட்டியாக வாங்கி வைத்திருந்தார். ஃப்ரிட்ஜ் மட்டும் என் பொறுப்பு.

புது ஃப்ரிட்ஜ் இதற்கு உதவாது. அதில் சூடு வெளியேறும் குழாய்கள் பக்கத்துத் தகட்டுக்குள்ளேயே ஓடும். துளை போடப் போய் அதைக் குத்திவிட்டால் ஃப்ரிட்ஜே போய்விடும். முதுகில் கறுப்புக் கம்பி வலை வைத்த பழைய மாடல் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். தட்டுகளைக் கழற்றிப் பேரலை உள்ளே நிறுத்தினேன். கதவில் துளையிட்டுக் குழாயைப் பொருத்தினேன். சோடாவில் அடைக்கிற கேஸ்தான் பீரை மேலே தள்ளுகிறது. அந்தக் கேஸ் சிலிண்டரை வெளியே, ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் நிறுத்தி, பக்கத் தகட்டின் துளை வழியாகப் பைப்பை உள்ளே விட்டேன்.

முதலில் நுரைதான் வந்தது. டம்ளர் டம்ளராக நுரை. பங்களாக்காரர் முகம் வாடிவிட்டது. மலைப்பாதையில் குலுங்கி வந்த பேரல் அடங்கவே ஒரு ராத்திரி வேண்டும் என்று பெட்டியோடு வந்த தாளைப் படித்து அவரே சொன்னார். பீர் வரும் பைப்பை இன்னும் நீளமாகப் போட்டு, ரெகுலேட்டரை இறக்கி வைத்தேன். மறுநாள் காலை பொன் நிறத்தில் பீர் வந்தது. எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினார். வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினேன்.

ஃப்ரிட்ஜ் இருந்தது பங்களாவுக்கு அடியில், சரிவைக் குடைந்து கட்டிய சாமான் அறையில். வெளியிலிருந்து கதவைத் திறந்து, உள்ளே படி இறங்கித்தான் போகவேண்டும். சின்னதாக ஒரு ஜன்னல், ஒரு கதவு. மூன்று பக்கமும் மண்ணும் பாறையும்.

பங்களாவைப் பார்த்துக்கொள்ள மலைக்காரர்கள் இருவர் இருந்தார்கள். புருஷன், பெண்டாட்டி. அவளுக்கு அப்போது வயிறு நன்றாகத் தெரிந்தது. அவர்களுக்கு மேட்டில் ஒரு தகரக் கொட்டகை கொடுத்திருந்தது. மார்கழிக் குளிரில் அந்தத் தகரம் ராத்திரியெல்லாம் சொட்டுமாம். கீழறையிலோ பழைய ஃப்ரிட்ஜின் முதுகு கதகதவென்று இருக்கும். பங்களாக்காரர் இல்லாத நாட்களில் கயிற்றுக் கட்டிலை அங்கே இறக்கிப் போட்டு, ஜன்னலிலும் கதவிடுக்கிலும் சாக்கை அடைத்துக்கொண்டு படுத்தார்கள். அவருக்கு அது தெரியாது. எனக்கும் அன்று தெரியாது.

பொங்கலுக்கு முன்பு அவர் போன் செய்தார். கேஸ் சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்ந்துபோகிறதாம். போன தடவை வந்தபோது என் நெஞ்சு உயரத்துக்குப் பெரிய சிலிண்டராகக் கொண்டுவந்து தானே மாட்டிவிட்டுப் போனாராம். "அதுலயும் மீட்டர் முள்ளு இறங்குதுன்னு வாட்ச்மேன் சொல்றான். போய்ப் பார்த்துடுப்பா."

பகல் பஸ்ஸில் ஏறிப் போனேன். அந்த நேரத்திலும் பனி விலகவில்லை. புருஷன்காரன் நெற்றியில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு பங்களா வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

"வாங்கண்ணா. தல விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. தெனம் காலைல இப்படித்தான். குடிக்காமலே குடிச்ச மாரி கீது."

"குடிக்காமலாம்!" என்றாள் அவள், முறத்தில் சாமையைப் புடைத்தபடி. "எனுக்கும்தான் வலிக்குது. நானும் குடிச்சனா? அந்தப் பொட்டிகிட்ட படுத்தாலே ஏறிடும்போல."

அப்போதுதான் அவர்கள் அங்கே படுக்கும் விஷயம் எனக்குத் தெரிந்தது. புருஷன் அவளை முறைத்தான். பிறகு என்னிடம் தணிந்த குரலில் சொன்னான்: "அய்யாகிட்ட சொல்லிடாதீங்கண்ணா. வேல பூடும். இவுளுக்குக் கட்டில் கவுறு தளந்து இடுப்பு வலி. இன்னிக்குத் தரையில பாய் போட்டு, பொட்டிக்குப் பின்னால சூடா படுத்துக்கட்டும்னு கீறேன்."

"சாமி வுட்டாத்தான," என்றாள் அவள்.

"இன்னா சாமி?" என்றேன்.

மலையில் அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். வேறிடத்தில் தங்க நேர்ந்தால் ஊர்ச் சாமியின் பேரில் ஒரு கல்லை மூலையில் வைத்து, சாயங்காலம் அதன் முன்னால் விளக்கேற்றுவார்கள். அவள் கல் வைத்திருந்தது ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், தரை சற்றுப் பள்ளமான மூலையில்.

"வெளக்கு நிக்க மாட்டுதுண்ணா. எண்ண கீது, திரி கீது, காத்து ஒரு பொட்டு இல்ல. ஏத்துனா குனியுது, அணையுது. சாமிக்கு அந்தப் பொட்டி புடிக்கல."

"சாமிக்கு நொர ஜாஸ்தியாப் பூடுச்சு. அதான் கோவம்," என்றான் புருஷன். அவள் முறத்தை ஓங்கினாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே படி இறங்கினேன்.

அறையில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. மூக்கால் இழுத்துப் பார்த்தேன். வாசனை இல்லை. அடுப்பு கேஸ் என்றால் வாடை காட்டிக் கொடுக்கும். வாடை இல்லாவிட்டால் கசிவு இல்லை என்று வீட்டில் பழகிவிட்ட பழக்கம் அது. சிலிண்டரின் கழுத்தைப் பார்க்க ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் மண்டியிட்டுக் குனிந்தேன். சோடா குடித்து ஏப்பம் வரும்போது மூக்கில் சுள்ளென்று ஏறுமே, அது ஏறியது. இரண்டு மூச்சில் நெஞ்சு படபடத்தது. இருட்டாக இருக்கிறது என்று தீக்குச்சியைக் கிழித்துக் கீழே இறக்கினேன். யாரோ கையால் பொத்தினதுபோல அணைந்தது. இன்னொன்று கிழித்தேன். தலைக்கு நேரே எரிந்தது. இடுப்புக்குக் கீழே இறக்கினதும் அணைந்தது.

நான் எழுந்த வேகத்தில் தலை ஃப்ரிட்ஜில் மோதியது. எப்படிப் படியேறினேன் என்று தெரியவில்லை.

எனக்கு மணலூர்பேட்டைப் பக்கம். கரும்புக் கொல்லைக் கிணறுகளில் தூர்வார என் அப்பா போவார். ரொம்ப நாள் மூடிக் கிடந்த கிணறு என்றால் முதலில் ஆள் இறங்குவதில்லை. அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். விளக்கு நின்றால்தான் ஆள் இறங்கலாம். அணைந்தால், வேப்பங்கொழையைக் கட்டிக் கிணற்றுக்குள் மேலும் கீழும் ஆட்டிக் காற்றைக் கலைப்பார்கள். விளக்கை நம்பாமல் அவசரப்பட்டு இறங்கிய ஒருவரை மேலே தூக்கிக் கிடத்தியதை நான் பார்த்திருக்கிறேன். உடம்பில் ஒரு காயமில்லை. தூங்குகிற மாதிரிதான் இருந்தார். மலையில் இவர்களுக்கு ஓடையும் ஊற்றும்தான். ஆழக் கிணற்றை இவர்கள் பார்த்ததில்லை.

கதவையும் ஜன்னலையும் திறந்து சாக்குகளைப் பிடுங்கி எறிந்தோம். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி சிலிண்டரை மூடினேன். ரெகுலேட்டரைக் கழற்றிப் பார்த்தால், கழுத்தில் வைக்கிற வாஷர் நசுங்கிப் பிளந்திருந்தது. மாட்டியவர் பலம் உள்ளமட்டும் முறுக்கியிருக்கிறார். அந்தச் சீறல் கம்ப்ரஸர் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. அந்தக் கேஸ் காற்றைவிடக் கனம். பள்ளத்தில் தண்ணீர் நிற்கிற மாதிரி நிற்கும். கதவைத் திறந்தால் மட்டும் போய்விடாது. நான் ஒரு மரக்கிளையை ஒடித்து, படியில் நின்று உள்ளே விட்டு வீசினேன்.

"அண்ணன் வேப்பில அடிக்க ஆரம்பிச்சிட்டாரு," என்று அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

கை ஓய்ந்தபிறகு அவள் அகலை எடுத்துவந்து மூலையில் ஏற்றினாள். விளக்கு நிமிர்ந்து நின்றது. கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சாமி மனசு எறங்கிடுச்சு. இனிமே பயமில்ல. பாயக் கொண்டாந்து போட்டுடறேன்."

நான் கேஸை விரட்டியதே அவளை அங்கே படுக்க வைத்துவிடும்போல இருந்தது. வாஷரை மாற்றிவிடலாம். ஆனால் பங்களாக்காரர் மறுபடியும் சிலிண்டர் மாற்றுவார், மறுபடியும் முறுக்குவார். அடுத்தவன் பெண்டாட்டியிடம், அதுவும் மாசமாக இருக்கிறவளிடம், நீ இங்கே படுக்காதே என்று நான் எப்படிச் சொல்வது? புருஷனைத் தனியாக அழைத்துக் கிணற்றுக் கதையைச் சொன்னேன். தரையைப் பார்த்தபடி பாதிதான் சொன்னேன்.

"இப்பத்தான் எரியுதேண்ணா," என்றான் அவன். "மேல கொட்டாயில குளுருல கெடந்தா வவுத்துப் புள்ளைக்கு ஆவாதுண்ணா."

ரெகுலேட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அது இல்லாமல் யாரும் சிலிண்டரைத் திறக்கப் போவதில்லை. "பார்ட்டு போச்சு. மெட்ராஸ்லேர்ந்து வரணும். அய்யாகிட்ட நானே சொல்லிக்கறேன்," என்றேன். அவளிடம் விளக்கைக் காட்டி ஒன்றே ஒன்று சொன்னேன். "இது அணையற அன்னிக்கு இங்க படுக்கக்கூடாதும்மா. சாமி சொல்லுதுன்னு வச்சிக்கோ."

பஸ் மலையிறங்கும்போதே பங்களாக்காரரிடமிருந்து போன் வரத் தொடங்கியது. "சனிக்கிழமை ஃப்ரெண்ட்ஸ் வர்றாங்கப்பா, அதுக்குள்ள வேணும்." பார்ட் வரவில்லை என்றேன். அந்தச் சனிக்கிழமை போனது. "என்னப்பா, ஒரு வாஷருக்கா இவ்வளவு நாள்?" வரவில்லை சார் என்றேன். தை மாதம் கழிந்தால் குளிர் கம்மியாகிவிடும், அவளும் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போய்விடுவாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ரெகுலேட்டர் என் கடை அலமாரியில் துணி சுற்றிக் கிடந்தது.

பிறகு அவர் போன் நின்றுவிட்டது. அவர் திட்டிக்கொண்டிருந்தவரை எனக்குத் தூக்கம் வந்தது. போன் நின்றதும், வேறு ரெகுலேட்டர் வாங்கி மாட்டிவிட்டாரோ என்று தூக்கம் வரவில்லை. புருஷன்காரனின் நம்பருக்கு அடித்தால் மலையில் லைன் கிடைக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு மத்தியானப் பஸ்ஸில் ஏறினேன்.

பங்களாவில் ஆள் அரவம் இல்லை. கொட்டகை வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. கீழறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே கம்ப்ரஸர் ஓடும் சத்தம். ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சிலிண்டரின் கழுத்தில் புத்தம் புது ரெகுலேட்டர் பளபளத்தது. ஃப்ரிட்ஜுக்கு அருகே கயிற்றுக் கட்டில். அதன் மேல் ஏதோ கம்பளியால் மூடிக் கிடந்தது. ஆள் மாதிரியும் இருந்தது, வெறும் மூட்டை மாதிரியும் இருந்தது.

எனக்குக் குரலே எழும்பாது என்று நினைத்திருந்தேன். அன்று எழும்பியது. "தம்பி! அம்மா! யாராவது கீறீங்களா?" என்று கத்தினேன். அறைக்குள் ஒன்றும் அசையவில்லை.

"இன்னாண்ணா, தொண்ட கிழியக் கத்தினுக்கீறீங்க?"

பின்னால் ஓடைப் பக்கமிருந்து அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி வந்தாள். அவளுக்குப் பின்னால் விறகுக் கட்டோடு அவன்.

"அய்யா போன வாரம் வந்தாரு," என்றான் அவன் விறகை இறக்கியபடி. "புதுசு மாட்டினு, உங்களையும் நல்லா திட்டினு போனாரு. அன்னிக்கு சாயங்காலமே வெளக்கு நிக்கல. இவ அப்பவே பாயச் சுருட்டிக்கினா. அதுலேர்ந்து கொட்டாயிலதான், அனல் மூட்டிக்கினு."

"சாமி சொல்லுச்சு, வந்துட்டோம்," என்றாள் அவள். "கட்டிலும் கம்பிளியும் உள்ளயே கெடக்குது. எடுக்கத்தான் இவரை எறங்கச் சொன்னேன்."

"எறங்குனியா?" என்றேன்.

"பொழுது சாய எறங்கலாம்னு இருந்தேன்."

கதவைத் தள்ளித் திறந்தேன். படியின் தலைப்பில் நின்று தீக்குச்சியைக் கிழித்தேன். மஞ்சளாக நன்றாக எரிந்தது. முதல் படியில் காலை வைக்காமல், குனிந்து கையை மட்டும் நீட்டி இறக்கினேன். இரண்டாம் படிக்கு நேரே அணைந்தது. கீழே கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருந்தது.

அவன் விறகுக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டான். அவள் முந்தானையை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். யாரும் சாமியைப் பற்றிப் பேசவில்லை.

அவர்களையும் கூட்டிக்கொண்டு லைன் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி பங்களாக்காரருக்குப் போன் செய்தேன். எடுத்ததும், "என்ன, பார்ட் வந்துடுச்சா?" என்றார் கிண்டலாக. அவர் பின்னால் நாலைந்து பேர் பேசிச் சிரிப்பதும், கார் ஓடுகிற சத்தமும் கேட்டது. மலை ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"சார், கீழ் ரூமுல யாரும் எறங்கக்கூடாது சார்," என்றேன். "நான் சொல்ற வரைக்கும் வெளியவே நிக்கணும்."

"ஏன், யாரு எறங்கப் போறா இப்ப?"

அந்த இருவரையும் திரும்பிப் பார்த்தேன். அவன் தலையாட்டினான், சொல்லுங்க என்று.

"நீங்கதான் சார்," என்றேன். "வந்ததும் டம்ளர எடுத்துக்கினு நீங்கதான் மொத எறங்குவீங்க. நீங்க புதுசு மாட்டுற வரைக்கும் இவுங்க ரெண்டு பேரும் அங்கதான் படுத்துக்கினு இருந்தாங்க." பிறகு கிணற்றைப் பற்றிச் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் யாரிடமும் பேசியதில்லை. அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் நின்றிருந்தது.

கதவையும் ஜன்னலையும் விரியத் திறந்து வைத்துவிட்டு மூவரும் மேட்டில் உட்கார்ந்தோம். கிளையை ஒடித்து வீசக்கூட யாரும் அந்தப் படிப் பக்கம் போகவில்லை. பனி இறங்கிக்கொண்டிருந்தது. கீழே வளைவுகளில் காரின் வெளிச்சம் தெரிவதும் மறைவதுமாக ஏறி வந்தது. அவள் தன் அகலைக் கொட்டகை வாசலில் ஏற்றி வைத்தாள். காரைப் பார்க்காமல் நாங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.