ஒரு பூண்டில் மட்டும் மண்

பூண்டைக் கழுவக் கூடாது. கழுவினால் அழுகிவிடும். பிடுங்கித் தாளோடு காயவைத்து, கட்டாகக் கட்டி, அடுப்புக்கு மேலே புகை படுகிற இடத்தில் தொங்கவிட வேண்டும். ஒட்டிய மண் ஒட்டியபடி இருக்க வேண்டும். கொடைக்கானல் மேல்மலையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். நான் ஐந்தாவது வரை படித்தவள். பார்சலைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதில்தான் தொடங்க வருகிறது.

எங்களுக்கு ஒரே மகன். வளைகுடா நாட்டுக்குக் கட்டட வேலைக்குப் போனான். அவன் போன அதே வருடம், பூண்டு எடுத்து முடித்ததும் முதல் பார்சல் போட்டோம். கொடைக்கானலில் கேட்டதற்குச் சாப்பாட்டுச் சாமான் எடுப்பதில்லை என்றார்கள். வத்தலக்குண்டில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் எடுப்பதாகத் தெரிந்தது. வெள்ளனே முதல் பேருந்தில் ஏறினால் மதியம் போய்ச் சேரலாம். நானும் வீட்டுக்காரரும் போனோம். மலை இறங்க இறங்கக் காது அடைத்தது. போர்த்தியிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பெரிய பூண்டாகப் பொறுக்கிய ஒரு கட்டு. காப்பித்தூள். பிளாஸ்டிக் டப்பாவில் ஊறுகாய். வீட்டுக்காரர் தனியாகப் பழனி விபூதி ஒரு பொட்டலம் வைத்திருந்தார். கூரியர் கடைக்காரர் அதை எடுத்து வெளியே வைத்தார்.

"அண்ணே, இது வேணாம். அந்த ஊர்ல பொடியப் பாத்தா சந்தேகப்படுவான்."

"விபூதி தம்பி. முருகன் விபூதி."

"நமக்கு முருகன். அவனுக்குப் பொடிதானண்ணே."

வீட்டுக்காரர் பொட்டலத்தைப் பிரித்துக் கடைக்காரர் நெற்றியில் பூசினார். மிச்சத்தைப் பெட்டிக்கு வெளியே தடவினார். கடைக்காரர் அதன் மேலேயே டேப் ஒட்டினார்.

முகவரியில் வீட்டு எண் கிடையாது, தெருவும் கிடையாது. ஒரு தபால் பெட்டி எண், ஒரு போன் நம்பர். நம்பருக்குப் போன் பண்ணி, ஆள் வந்து கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். நம்பர் சரியாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் சும்மா என்றார்.

ஒரு வாரம் கழித்து மகன் போன் பண்ணினான்.

"யம்மா, எதுக்கு மண்ணோட அனுப்புன? இங்க கழுவுற தொட்டி அடச்சுக்கிச்சு. ரூம்ல எல்லாரும் கேலி பண்றாங்க. உங்கம்மா மலையவே பேத்து அனுப்பிட்டாங்களாடாங்குறாங்க."

"கழுவுனா கெட்டுப்போகும்ல."

"நாலு நாள்ல வந்துருது. அதுக்குள்ள என்னத்தக் கெடப்போகுது?"

"சரி, அடுத்த தடவ தொடச்சு அனுப்புறேன்."

"ஆமா, நீ தொடைப்ப."

சிரித்தான். அதற்கு முன்னால் போன் பண்ணினால் "சாப்டியா, சாப்டேன்" என்று இரண்டு வார்த்தையோடு வைத்துவிடுவான். அன்றைக்குக் கால் மணி நேரம் திட்டினான். அதனால் அடுத்த வருடமும் துடைக்கவில்லை. மறுபடி திட்டினான்.

அந்த இரண்டாவது பார்சலுக்கு அவன் நம்பர் போடவில்லை. "சைட்ல நான் போன் எடுக்க முடியாதும்மா. ரூம்ல இருக்குறவர் நம்பரப் போடு. நம்ம பக்கம்தான், அய்யம்பாளையத்துக்காரர்" என்று சொல்லி ஒரு நம்பர் தந்தான். காலண்டர் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு பேச்சு குறைந்தது. வாரம் ஒருமுறை என்பது மாதம் ஒருமுறை ஆனது. சில மாதத்தில் அவன் நம்பர் அடிப்பதே நின்றது. அய்யம்பாளையத்துக்காரர் நம்பருக்குப் போட்டால், "வேலைக்குப் போயிருக்காப்லம்மா, வந்ததும் பேசச் சொல்றேன்" என்பார். பேச மாட்டான். பிறகு அவரும் எடுக்கவில்லை.

மூன்றாவது வருடம் பார்சல் போடப் போனபோது கடைக்காரர் பூண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யக்கா, இப்ப ரொம்பக் கெடுபிடி. மண்ணு இருந்தா ஏர்போர்ட்லயே தூக்கிப் போட்டுருவான். பூண்டு மட்டுமில்ல, முழுப் பெட்டியும் போயிரும்."

கடை வாசற்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு பூண்டாகச் சேலை முந்தியால் துடைத்தேன். முந்தி கறுத்துப்போனது. ஒன்றை மட்டும் துடைக்கவில்லை. நடுவில் வைத்து மேலே மற்றதை அடுக்கினேன். வீட்டுக்காரர் பார்த்தார். 

பத்து நாள் கழித்துக் கடைக்காரர் போன் பண்ணினார். "சேந்துருச்சுக்கா. வாங்கிக் கையெழுத்தும் போட்டாச்சு." பூண்டு விற்க இறங்கியபோது கடைக்குப் போய்க் கேட்டேன். கம்ப்யூட்டரில் காட்டினார். கோழி கிளறின மாதிரி ஒரு கிறுக்கல். என் மகன் எப்படிக் கையெழுத்துப் போடுவான் என்று எனக்குத் தெரியாது. அவன்தான் என்று வைத்துக்கொண்டேன்.

திட்டு வரவில்லை. ஒரு பூண்டு மண்ணுக்கு எதற்குத் திட்டுவான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தது என் தப்பு.

காட்டு வேலைக்குப் போகிற இடத்தில் பெண்கள் கேட்பார்கள்.

"மகன் பேசுறானா?"

"பார்சல் வாங்கிட்டான்."

இதுதான் என் பதில். வாங்குகிறான் என்றால் இருக்கிறான். நாலாவது வருடமும் அதே மாதிரி அனுப்பினேன். அதே மாதிரி ஒரு பூண்டில் மண். அதே கிறுக்கல். அதே பதில்.

ஐந்தாவது பார்சல் ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பி வந்தது. கடைக்காரர்தான் போனில் சொன்னார். நம்பர் சுவிட்ச் ஆஃப், வாங்க ஆள் இல்லை என்று எழுதி அனுப்பியிருக்கிறார்களாம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்த அய்யம்பாளையத்துக்காரன் ஊருக்கு வந்திருப்பான். போய்க் கேளு."

"நீங்களும் வாங்க."

"நீ போ. நான் வந்து என்ன கேக்க?"

வத்தலக்குண்டில் பெட்டியை வாங்கினேன். மூலையெல்லாம் நசுங்கியிருந்தது. எங்கள் டேப்புக்கு மேலே வேறு நிறத்தில் டேப். அதைத் தூக்கிக்கொண்டு அய்யம்பாளையம் பேருந்தில் ஏறினேன். டீக்கடையில் விசாரித்தேன். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் வீடு நாலு சொன்னார்கள். மூன்றாவது வீடு அவருடையது. தென்னந்தோப்பை ஒட்டி இருந்தது. வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் முதலில் பார்த்தார். எழுந்து நின்றுவிட்டார்.

"உள்ள வாங்கம்மா."

"எம்மகன் எங்க?"

"உக்காருங்கம்மா."

"நிக்கிறேன். சொல்லுங்க."

சொன்னார். இரண்டாவது பார்சல் வந்து நாலு மாதம் இருக்கும். காலையில் வேனில் ஏறி வேலைக்குப் போனானாம். சாயங்காலம் வேன் வந்தது, அவன் வரவில்லை.

"வேற ஒருத்தர்ட்ட வேலைக்குப் போறேன்னு சொல்லிக்கிட்டிருந்தாப்ல. பாஸ்போர்ட் கம்பெனி கையில. ஓடிப்போயிட்டான்னு கம்பெனில போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டாங்க. எங்களால முடிஞ்ச மட்டும் தேடுனோம்மா. மூணு வருசம் ஆகப்போகுது."

"கையெழுத்துப் போட்டது யாரு?"

"நாந்தாம்மா."

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தாள். கையில் எனக்குக் காப்பி. டம்ளரை எனக்குக் கொடுத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அடப் பாவி மனுசா. பூண்டு பூண்டுன்னு எங்கிட்டப் பெருமை பேசுனியே, அது இவங்க பூண்டா? தின்ன வாய்க்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலயா?"

"நாக்கு எழலடி. திருப்பி அனுப்புனா அவங்களுக்குத் தெரிஞ்சுபோகும்னு வாங்குனோம். வச்சா கெட்டுப்போகும்னு தின்னோம். வேற என்ன செய்யச் சொல்ற?"

காப்பியைக் குடித்தேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது.

"ஒரு பூண்டுல மட்டும் மண்ணு இருந்துச்சா?" என்று கேட்டேன்.

அவர் முகத்தைத் துண்டால் துடைத்தார்.

"இருந்துச்சும்மா. ரெண்டு தடவையும் இருந்துச்சு. உங்க மகன் எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்காப்ல. எங்கம்மா என்னையப் பேசவைக்கத்தான் மண்ணோட அனுப்புதுன்னு. அதனால அத மட்டும் யாரும் தொடல. ஜன்னல்ல வச்சிருந்தோம். வந்தா எடுத்துக்கட்டும்னு."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் கால் மணி நேரம் திட்டியிருக்கிறான்.

"அந்தப் பூண்டு இப்ப எங்க?"

"ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்கம்மா. கம்பெனிய மூடியாச்சு. எல்லாரையும் ஏத்தி அனுப்பிட்டாங்க. அங்கயே கெடக்கும்."

"திரும்பப் போவீங்களா?"

"போகலம்மா. இனி இந்தத் தேங்காதான்."

அந்த ரூமில் இப்போது யாரும் இல்லை. கதவைத் தட்டித் தேடி வந்தாலும் அவனுக்குச் சொல்ல ஆள் இல்லை. டம்ளரைக் கீழே வைத்தேன். பெட்டியைத் திண்ணையில் தள்ளிச் சுவர் ஓரம் வைத்தேன்.

"இதை எடுத்துட்டுப் போங்கம்மா" என்றாள் அவர் மனைவி. "நாங்க எந்த முகத்த வச்சுக்கிட்டு இதத் திங்க?"

"மேல்மலைக்குப் பூண்டு தூக்கிட்டுப் போனா சிரிப்பாங்க. வச்சுக்க தாயி."

வீட்டுக்குப் போனபோது இருட்டி வெகு நேரம் ஆகியிருந்தது. பனி இறங்கியிருந்தது.

"என்ன சொன்னான்?"

"அவன் அங்க இல்ல."

"எப்பயிருந்து?"

"மூணு வருசமா."

வீட்டுக்காரர் "மாட்டுக்குத் தண்ணி காட்டல" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். தண்ணீர் நான் கிளம்பும்போதே காட்டியாகிவிட்டது. அதைச் சொல்லவில்லை.

திண்டுக்கல் கலெக்டர் ஆபீசுக்குப் போய், மகனைத் தேடித் தரச் சொல்லி மனுக் கொடுத்தோம். பாஸ்போர்ட் நகல் கேட்டார்கள். இருந்தது, கொடுத்தோம். கடைசியாக எப்போது தகவல் வந்தது என்று கேட்டார்கள். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் இரண்டாவது பார்சல் திட்டைத்தான் நினைத்தேன். அதை எப்படி எழுதுவது. "போன் பேசுனான்" என்று மட்டும் சொன்னேன். தகவல் வந்தால் கடிதம் வரும் என்றார்கள். இரண்டு முறை போய்க் கேட்டோம். அதே பதில்.

இந்த வருடப் பூண்டும் எடுத்தாகிவிட்டது. சந்தைக்கு மூட்டை கட்டும்போது வீட்டுக்காரர் பழைய மாதிரியே பெரிதாகப் பொறுக்கி ஒரு கட்டு தனியாக வைத்தார். நான் அதை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டேன்.

போன வாரம் கூரியர் கடைக்காரர் போன் பண்ணினார்.

"யக்கா, இந்த வருசம் பார்சல் உண்டா?"

"அனுப்பலாம். நம்பர் இல்ல."

"நம்பர் இல்லாம முடியாதேக்கா."

"தெரியும்."

காட்டு வேலையில் இப்போது மகனைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்ல இருந்த ஒரு பதில் போய்விட்டது. கட்டு மேலே தொங்குகிறது. மண்ணைத் துடைக்கவில்லை.